இரண்டு டிகிரி

எட்டு மரப்பெட்டிகளில் வந்தது.
அடிபடாமலிருக்கத் திணித்திருந்த செய்தித்தாள்களை
நானும் ரொஹாயாவும்தான் உருவிப் பிரித்தோம்.
ஒரு கல்யாணப் படம், மாடு விற்கிற விளம்பரம்,
படிக்கத் தெரியாத மொழியில் யாருக்கோ கண்ணீர் அஞ்சலி.
கறுப்புக் கட்டம் எந்த ஊரிலும் கறுப்புக் கட்டம்தான்.

வின்டர்ரோட என்று பெட்டிமேல் ஊர்ப்பெயர்.
மேனேஜர் பெங் ஹுவாட் போய்வந்தவர்.
சின்ன ஊர் என்றார், ஆயிரம் வருஷமாம்,
மரச்சட்டம் வைத்த வீடுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்குமாம்,
கடைசித் தெரு முடிகிற இடத்தில்
முன்னறிவிப்பில்லாமல் மலை தொடங்கிவிடுமாம்.
எட்டு மணிக்குமேல் சாப்பாடு கிடைக்காதாம்.
அதை மட்டும் இரண்டு தரம் சொன்னார்.

பாயான் லெப்பாஸ், மூன்றாம் கட்டடம்.
கண்ணாடியை உருக்கி உலோகத்தில் ஒட்டுகிற வேலை.
கைப்பிடி என் தோளுக்கு மேலே இருந்தது,
யாரோ உயரமான பெண்களை நினைத்துச் செய்தது.
ஒரு பலகையைக் கவிழ்த்துப் போட்டு ஏறி நின்றேன்,
பதினோரு வருஷம்.

கைப்பிடியின் வர்ணம்
ஏற்கெனவே ஓர் உள்ளங்கை அகலத்துக்குத் தேய்ந்திருந்தது.
என் கை அதில் போய் உட்கார்ந்தபோது
சுற்றிலும் இடம் மிச்சமிருந்தது.

முதல் மாதம் பத்துக்கு நாலு விரிசல்.
பெங் ஹுவாட் என்னைப் பார்த்தார்.
நான் இயந்திரத்தைப் பார்த்தேன்.
ஃபியூஸ் மாற்றப் பின்தகட்டைக் கழற்றிய இரவில்
உட்பக்கம் ஒட்டியிருந்தது ஓர் அட்டை.
பென்சிலில் இரண்டு கோபுரங்கள், ஒன்று மற்றதைவிடக் குட்டை,
பின்னால் நெளிந்து போகும் ஒற்றைக் கோடு.
அதுதான் மலையாக இருக்கவேண்டும்.
கீழே இருந்ததைக் கைப்பேசி தமிழாக்கித் தந்தது:
இந்த முள் பொய் சொல்லும். இரண்டு டிகிரி குறைத்து வை.
திங்கட்கிழமை காலையில் முரண்டு பிடிக்கும், திட்டாதே.
ஹைட்ரூன். முப்பத்தொரு வருஷம்.

குறைத்தேன்.
விரிசல் நின்றது.
ஒருவரிடமும் சொல்லவில்லை.
அந்த வருஷம் சிறந்த ஊழியர் என்று
எனக்கொரு சோறாக்கும் குக்கர் கொடுத்தார்கள்.
பாதி அவளுடையது. எப்படி அனுப்ப?

அவள் சம்பளத்தில் எட்டில் ஒரு பங்கு என்னுடையது என்று
கேன்டீனில் ஒருவன் கணக்குப் போட்டான்.
அந்த மீதி ஏழு பங்குதான்
எட்டுப் பெட்டிகளையும் கடல் கடத்தியது.

இரவு ஷிஃப்டில், மூன்று மணி இடைவேளையில்,
திரை வரைபடத்தில் அந்த ஊருக்குள் விரலால் நடப்பேன்.
கல் பாவிய சந்து, வற்றிய குழாயடி, அந்தக் குட்டைக் கோபுரம்.
தொழிற்சாலை இருந்த முகவரியில் கார்கள் நிற்கின்றன.
பஸ் நிறுத்தத்தில் துணிப்பையோடு நரைத்த ஒருத்தி.
முகத்தை மங்கலாக்கியிருந்தார்கள்.
அவளாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.
கையை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தேன்.
கட்டம் கட்டமாக உடைந்தது.

போன வாரம் எங்களுக்கும் கடிதம்.
ஆள்குறைப்பு என்ற சொல் வராமல்
இரண்டு பக்கம் எழுதியிருந்தார்கள்.
இயந்திரம் ஹாய்போங் போகிறது.
பெட்டியில் திணிக்க வீட்டிலிருந்து பழைய பேப்பர் கேட்டார்கள்.
தமிழ், மலாய், சீனம் எல்லாம் வந்து குவிந்தது.
ரொஹாயா சிரித்தாள், நான் உட்கார்ந்து
கறுப்புக் கட்டமுள்ள பக்கங்களையெல்லாம் பொறுக்கி எடுத்துவிட்டேன்.

நேற்று பின்தகட்டைக் கடைசியாகத் திறந்தேன்.
அவள் கோடு அட்டையின் ஓரத்தில் முடிந்திருந்தது.
இன்னோர் அட்டையை அதோடு சேர்த்து ஒட்டி
அங்கிருந்தே இழுத்தேன் கொடிமலையை.
ரயில் ஏறுகிற தடத்துக்கு ஒரு சின்னக் கீறல்.
வருகிறவளுக்கு ஜெர்மனும் தெரியாது, தமிழும் தெரியாது.
ஆகவே எண்.
இரண்டை அடித்துவிட்டு மூன்று என்று போட்டேன்,
வயதாக ஆக முள் அதிகம் பொய் சொல்கிறது.
முரண்டு மட்டும் அதே திங்கட்கிழமைதான்,
அதை எப்படி வரைவதென்று தெரியவில்லை, விட்டுவிட்டேன்.

பலகையை ஆறாம் பெட்டிக்குள் செருகினேன்.
பட்டியலில் அது இல்லை.
ஆணியடிக்க வந்த பங்களாதேஷ் பையன் ஷஃபிகுல்
இது என்ன அக்கா என்றான்.
பாகம்தான், அடி என்றேன்.